வயிற்று வலிக்குக் காலைப் பார்த்த டாக்டர்

என் சிற்றப்பா மகன் குழந்தை மருத்துவர். குடும்பத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பாராட்டாக வைத்த பெயரன்று. செருப்பு வாங்கப் போனால், கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை யோசிப்பார். பிடித்த பெண்ணிடம் மனத்திலிருப்பதைச் சொல்ல அவர் துணிவதற்குள், அந்தப் பெண் தன் குழந்தையைத் தடுப்பூசிக்கு அவரிடமே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அக்கா மகளுக்கு வயிற்று வலி கண்டபோது, வீட்டில் மருத்துவ ஞானத்துக்குக் குறைவிருக்கவில்லை. பரீட்சைப் பயம் என்றார் அக்கா. அத்தான் தண்ணீர்க் குழாய் வியாபாரி. ஆகவே குடலைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது: அடைப்பு. வாந்தியோடு மலத்தில் ரத்தமும் போன பிறகுதான், மனமில்லாமல் நிதானம் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள்.

ஸ்கேனில் குடல் சுவர் வீங்கியிருந்தது. குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை. திறந்து பார்த்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். அத்தான் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தான்."

"மச்சான், இது செருப்புக் கடை இல்ல."

நிதானம் அக்காவிடம் திரும்பினார். "இவளுக்குச் சளி பிடிச்சிருந்துச்சா?"

"அது போன வாரமே போயிடுச்சு."

"கால் வலி?"

"கணுக்கால் வலிக்குதுன்னா. பள்ளிக்கூடம் போகாம இருக்க ஒரு சாக்கு."

ஒவ்வாமைப் பர்புராவாக இருக்கலாம் என்றார் நிதானம். பெரும்பாலும் சளிக்குப் பின், சிறு ரத்தக் குழாய்கள் அழற்சி கொள்ளும் நோய் அது; மூட்டும் வலிக்கும். தோலில் புள்ளிகள் வந்துவிட்டால் எளிதில் சந்தேகிக்கலாம். சில குழந்தைகளுக்கு வயிறே முதலில் முந்திக்கொள்ளும்.

"புள்ளி எங்க டாக்டர்?" என்றார் அறுவை மருத்துவர்.

"இன்னும் வரல."

"வரவே இல்லன்னா?"

கணிப்பு தவறி, குடல்வால் வெடித்தால் சிறுமியின் உயிருக்கே ஆபத்து. வாழ்நாளில் முதன்முறையாக நிதானம் உடனே பதில் சொன்னார்: "வயிறு இறுகினா நானே தியேட்டருக்குத் தூக்கிட்டு வரேன்."

அறுவை மருத்துவர் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார். நிதானம் கட்டிலருகே உட்கார்ந்து, வயிற்றை அழுத்துவதும் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"மாமா, வலிக்கிறது வயிறு. கால்ல என்ன தேடுறீங்க?"

"வர வேண்டியவங்க இன்னும் வரல. அதான் பாக்குறேன்."

மறுநாள் காலையில் வந்தார்கள். முன்தினம் காலுறை இறுக்கிய இடத்தில் தடித்த செம்புள்ளிகள். விரலால் அழுத்தியும் மறையவில்லை. பின்பு அவை பிட்டம்வரை ஏறின. புள்ளி வரவைக்கும் வேறு சில நோய்களில் குறைந்துபோகும் ரத்தத் தட்டணுக்கள் இவளுக்குச் சரியாக இருந்தன. அறுவை மருத்துவரும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம் என்றார். மருந்தில் வலி அடங்கியது.

குடும்பம் கூடித் தீர்ப்பு வழங்கியது. வாசித்தவர் அத்தான். "நேத்தே வெட்டியிருந்தா உடம்பெல்லாம் இந்தப் புள்ளி வந்திருக்குமா மச்சான்?"

நிதானம் நெற்றியைத் தடவினார். "யோசிச்சுச் சொல்றேன் அத்தான்."

பதில் இன்னும் வரவில்லை. நோய் பின்னர் சிறுநீரகத்தைத் தொடக்கூடும் என்பதால், சிறுமி மட்டும் சிறுநீர்ப் பரிசோதனைக்காக அவரிடம் தவறாமல் போய்வருகிறாள், தழும்பில்லாத வயிற்றோடு.