நின்ற சக்கரமும் சுழன்ற சக்கரமும்

லாரியின் இடப்புறப் பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு சுழன்றது. வலப்புறச் சக்கரம் அசையாமல் நின்றது. உலகப்போர் முடிந்தபின் ராணுவத்தார் ஏலம் விட்ட வண்டி அது. கீழவைப்பார்க் கடற்கரையில் தங்கிச் சங்கு குளிப்பவர்களுக்குக் குடிதண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் அதன் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பல்சக்கரம் மாற்றிப் பூட்டியவன் நான். தூத்துக்குடிப் பட்டறையில் எவர் துணையுமின்றி நான் செய்த முதல் வேலை அதுவே. வண்டி பழுதின்றித் திரும்பினால் என்னை மெக்கானிக்காக வைத்துக்கொள்வதாகவும், இல்லையேல் நான் சொந்த ஊரான ஏரலுக்குப் போய்விடலாம் என்றும் முதலாளி சொல்லி, என்னையும் உடன் அனுப்பியிருந்தார்.

டிரைவர் பொன்னையா இறங்கிவந்து, நின்ற சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"நீ பூட்டுன லெச்சணம் இதுதானாலே? வலது ஆக்ஸில் முறிஞ்சு போச்சு. பேசாம ஏரலுக்குப் போயி வெத்தலைக்கொடிக்குத் தண்ணி பாய்ச்சு."

நான் வண்டிக்கடியில் குனிந்தேன். அதற்குள் சங்கு குளிப்பவர்கள் தங்கள் தோணித்தலைவர் மிக்கேல் தண்டலுடன் உதவிக்கு வந்துவிட்டனர். தோணி ஒருபுறம் தாழ்ந்தால் அப்பக்கத்துச் சுமையை மறுபக்கம் மாற்றுவது அவர்கள் வழக்கம். அவ்வாறே எங்களைக் கேளாமல், புதைந்த இடப்புறத்துப் பீப்பாய்களை வலப்புறம் உருட்டிவிட்டனர். பொன்னையா மீண்டும் வண்டியைக் கிளப்பியபோது இடச்சக்கரம் முன்னிலும் வேகமாகச் சுழன்றது. அப்பொழுதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது.

எஞ்சினின் விசை கிளச்சு, கியர்பாக்ஸ் வழியே புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டை அடைந்து, அங்கிருந்து டிஃபரன்ஷியலுக்குச் செல்கிறது. வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட இடங்கொடுப்பது டிஃபரன்ஷியலின் பணி. ஆயினும் அது சக்கரங்களைச் சுழற்றும் இரு ஆக்ஸில் தண்டுகளுக்கும் விசையைச் சமமாகவே பகிரும். ஒரு சக்கரம் பிடிப்பின்றி வழுக்கினால், அது தாங்கும் சொற்ப விசையே மற்றதற்கும் கிட்டும். ஓர் ஆக்ஸில் முறிந்தாலோ, முறிந்த தண்டே வீணாகச் சுழலும்; மணலில் புதைந்த மற்றச் சக்கரமும் சுழலாது. ஆகவே இடச்சக்கரம் மணலைத் தோண்டியதே வலது ஆக்ஸில் முறியவில்லை என்பதற்குச் சாட்சி.

"அண்ணாச்சி, ஆக்ஸில் முறிஞ்சிருந்தா இந்தச் சக்கரமும் சுத்தாது. பாரத்தை இடப்பக்கம் ஏத்துங்க" என்றேன்.

தண்டல் சிரித்தார். "முங்குத பக்கத்துலயே பாரம் ஏத்தச் சொல்லுதான். இவனை நம்பித் தோணியேறினா மூச்சுப் பிடிக்கக்கூட நேரம் இருக்காது."

சிரித்தாரேயன்றி மறுக்கவில்லை. பீப்பாய்கள் இடப்புறம் திரும்பின. இடச்சக்கரத்தின் முன்னிருந்த மணலை வாரிவிட்டுப் பனையோலைகளைத் திணித்தோம். தண்டலும் அவருடைய ஆட்களும் இடப்புறப் பலகையின் மேல் ஏறி நின்றனர். கிளச்சை மெள்ள விடுமாறு பொன்னையாவிடம் வேண்டினேன். ஓலைகள் நெரிந்தன. இடச்சக்கரம் பற்றிக்கொள்ள, வலச்சக்கரமும் உருண்டது. வண்டி மேடேறியது.

பட்டறைக்குத் திரும்பியதும் பொன்னையா முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"ஆக்ஸில் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நிற்கும் சக்கரத்தைக் குறைகூறுமுன், சுழலும் சக்கரத்திற்குப் பிடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஸ்பானரைப் பிறகு எடுக்கலாம்.

மறுநாட் காலையில் முதலாளி, வேறொரு வண்டியின் கியர்பாக்ஸை என் முன்னால் இறக்கிவைக்கச் சொன்னார்.