தாய்மாமனை மேடைக்கு அழைக்கிறோம்

சித்தி பிடிபட்டு மறியலில் அடைபட்டிருந்த காலம் முழுக்க, எங்கள் வீட்டுக் கதையின்படி அவள் லண்டனில் படித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லச் சொன்னது அப்பா. நான் கொஞ்சம் தாராளமான பிள்ளை. படிக்கிறாள் என்பதோடு நிறுத்தாமல், அங்கே பனி கொட்டுகிறது, சித்தி புதிதாகக் கம்பளிக் கோட்டு வாங்கியிருக்கிறாள் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் யார் ஏறினாலும், "சித்தி எப்பிடி இருக்கிறா? சரியான குளிரோ?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அவர்கள் எல்லாருடைய ஃபோனிலும் சித்தியின் படம் இருந்தது. விலங்கு மாட்டிய கைகளின் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டி, 'போதைக் குளிசையுடன் பிரபல அறிவிப்பாளர் கைது' என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னிடம் குளிரைப் பற்றிக் கேட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பனியை நான் நிறுத்தவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. ரீவியில் காலை நிகழ்ச்சி நடத்தினாள். சின்னப் பிள்ளைகள் நித்திரை முறியாமல் ஃபோன் எடுத்துக் கதைப்பார்கள்; அவளும் பகிடி விட்டுக் கதைத்துவிட்டுக் கடைசியில், "சரி செல்லம், முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ!" என்பாள். எங்கள் தெருவில் பிள்ளையை எழுப்புகிற தாய்மார் எல்லாரும் அதே ராகத்தில் அதையே சொல்வார்கள். அவளோடு காலி வீதியில் நடந்தால் கடைக்குக் கடை நிற்க வேண்டும். பழக்கடைக்காரர் எனக்கு ரம்புட்டான் சும்மா தருவார். அந்தப் பெருமையில் நான் வீங்கிப்போயிருந்தேன், அதனால் விழுந்தபோது அடியும் பலமாகத்தான் பட்டது.

வளைகுடா நாடு ஒன்றில் எங்கள் ஆட்கள் வைத்த பொங்கல் விழாவை நடத்திக் கொடுக்கத்தான் போனாள். எங்களில் ஒருவர் பிளேன் ஏறுகிறார் என்றால் அவருடைய சூட்கேஸ் அவருக்குச் சொந்தமில்லை. அக்காவின் மிளகாய்த்தூள், அடுத்த வீட்டாரின் ஒடியல்மா, யாரோ மகனுக்குப் பருத்தித்துறை வடை என்று பார்சல் பார்சலாக வந்து சேரும். வேண்டாம் என்பது மரியாதையில்லை. பிரித்துப் பார்ப்பது அதைவிட மரியாதையில்லை. சித்தியும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு பார்சலுக்குள், இங்கே மருந்துக்கடையில் கிடைக்கிற, அங்கே தடைசெய்த குளிசைகள் இருந்தன. யார் தந்தது, யாருக்கு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லையாம். "ஊருக்கெல்லாம் கதைக்கிற வாய்க்கு இதைச் சொல்லத் தெரியேல்லையே!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனாள்.

ஒரு வருசத்துக்குக் கிட்ட ஆனபோது, பொதுமன்னிப்பு என்று விட்டார்கள். வந்தது என் சித்தி மாதிரியே இல்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். சோற்றைத் தலை நிமிராமல் அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். எதற்கும் அனுமதி கேட்டாள். "அக்கா, தண்ணி எடுக்கட்டே?" "அக்கா, லைட்டை நிப்பாட்டட்டே?" எனக்கு அந்தரமாக இருக்கும். அவள் வந்தால் அம்மா வேறு அறைக்குப் போவாள், முகம் பார்த்துக் கதைக்க மாட்டாள். அம்மாவுக்கே இவ்வளவு வெட்கம் என்றால் எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று நினைத்து, சித்தியோடு வெளியே போவதை நானும் நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து நான் பெரியபிள்ளையானேன். சாமத்திய வீட்டை மண்டபம் எடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று அப்பா நின்றார். கனடாவிலிருந்து அப்பாவின் அக்கா, என் மாமி, வந்திறங்கினார். வளைகுடாவிலிருந்து அம்மாவின் அண்ணா, என் தாய்மாமன், வந்தார். மாமி வந்த அன்றே சொல்லிவிட்டார். "இஞ்ச பாருங்கோ, இவளின்ர தங்கச்சியை முன்னுக்கு விடாதேங்கோ. வீடியோ கனடாவுக்குப் போறது." சித்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் பின்னுக்கு நிண்டு ஆலாத்தித் தட்டுகளைப் பாக்கிறன்" என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

விழாவன்று, அறிவிப்பாளராகப் பிடித்திருந்த ஆள் கொட்டாஞ்சேனையில் இன்னொரு விழாவில் மாட்டிக்கொண்டார். மழை வேறு, காலி வீதி அசையவில்லை. நான் பட்டுச்சாறியும் தலை நிறையப் பூவுமாக மேடையில் பொம்மைபோல உட்கார்ந்திருந்தேன். ஐயர் நல்ல நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். அப்பா மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றார், பிறகு வேர்த்தார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

பின் அறைக் கதவு திறந்தது. சித்தி கையில் இருந்த மஞ்சளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, நான் கதைக்கட்டே?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் திரும்பி வந்த பிறகு அம்மா அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"கதை."

சித்தி மைக்கை எடுத்ததும் மண்டபத்தில் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக ஃபோனைத் தூக்கினார்கள். ஐயோ, மேடை பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. மஞ்சள் கறை பிடித்த சேலையோடு, கட்டை மயிரோடு, மறியலில் இருந்தவள் என் விழாவை நடத்துகிறாள்! முதல் வசனத்தில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாவதில் பழைய சித்தி வந்துவிட்டாள்.

"மாலை சூட்டத் தாய்மாமனை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்."

முன்வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்த மாமா எழும்பவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். தங்கை மைக்கைப் பிடித்ததற்கு இந்த மனுசன் இப்படி வெட்கப்படுகிறாரே என்று எனக்கு இன்னும் கேவலமாகிவிட்டது.

சில வருசம் கழித்து நான் வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்பட்டபோது அம்மா என் சூட்கேஸைக் கவிழ்த்துக் கொட்டி, சனம் தந்த பார்சல் எல்லாவற்றையும் பிரித்தாள். பிரித்துக்கொண்டே சொன்னாள். குளிசை, இடுப்பை நிமிர்த்த முடியாத மாமாவுடைய நாரி நோவுக்கு. வாங்கிக் கட்டிக் கொடுத்தது அம்மா. பெயரைச் சொல்லியிருந்தால் அங்கே வேலை செய்த மாமாவையும் பிடித்திருப்பார்கள். மாமாவுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். சித்தி சொல்லவில்லை. மாமாவும் வாய் திறக்கவில்லை, அம்மாவும் திறக்கவில்லை. அதற்குள் எங்கள் மண்டப வீடியோவைப் பார்த்து ரீவிக்காரர் சித்தியைத் திரும்பக் கூப்பிட்டு, அவள் பழையபடி பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று மண்டபத்தில், மாமா எழும்புவார் என்று சித்தி காத்திருந்தாள். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமா எழும்புகிற மாதிரி இல்லை. சித்தி மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, காலை நிகழ்ச்சியில் பிள்ளைகளோடு கதைக்கிற அதே குரலில் சொன்னாள்.

"சரி அண்ணா, முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். மாமியும் தட்டினார். மாமா உண்மையாகவே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு மாலை போட்டார். அம்மா தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். ஒருவழியாக எல்லாரும் சித்தியை மன்னித்துவிட்டார்கள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அங்கே மன்னித்தது யார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.