சாக்பீஸ் கேட்டு வாங்கியவர்

அன்று எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் இருந்தது மூன்று பேர்: முதலாளி பாய், வேலூரிலிருந்து வந்த புரோகிராமர் அம்மா, தோல் தரம் பார்க்கும் நான். மறுநாள் வெளிநாட்டுக்காரர் எங்கள் வெப்சைட்டில் முதல் ஆர்டர் போட வேண்டும். ஆர்டர் தப்பாக விழுந்தால் தப்பான தோலை எடுத்துக் கொடுத்த பழி எனக்குத்தான். எட்டாவதோடு நின்றவன் என்ன பதில் சொல்வேன்?

அந்த அம்மா ஒல்லி. காதில் எப்போதும் ஒரு பென்சில். எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே வரிவரியாகப் படித்துத் தப்பு சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார். அது தந்த பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, திருத்தத் திருத்த டிக் அடித்தார்.

"வெப்சைட்டுதான் நல்லா ஓடுதேம்மா. அந்த லிஸ்ட்ட ஆஃப் பண்ணிடு, ஒரே பேஜாரா இருக்கு" என்றார் முதலாளி.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, தோல்ல உண்ணி கடிச்ச எடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுறீங்களே, வட்டத்த அழிச்சிட்டா காயம் போய்டுமா?"

"எங்க போவும்? ஷூவுல வந்து நிக்கும்."

"கேட்டீங்களா பாய்?"

முதலாளி சிரித்துவிட்டார்.

பட்டியலின் கடைசி வரியில், சைஸ் போடாத ஆர்டரையும் வாங்கிக்கொள்ளும் தப்பு ஒன்று பிடிபட்டது. அதையும் அந்த அம்மா திருத்தினார். மறுநாள் ஆர்டர் சுத்தமாக விழுந்தது. கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் அதை வைத்து எங்கே வட்டம் போடுவார் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.