தெரிந்த சாலை தெரியாமல் போனது

டிப்போவில் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே தடத்தில் நகரப் பேருந்து ஓட்டியவர். யாரையும் உரசியதுகூட இல்லை. “நம்ம அண்ணன் பிரேக் போட்டா, நின்னுக்கிட்டு வர்றவன் தூக்கம்கூடக் கலையாது” என்று அவருடைய கண்டக்டர் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தபால் நிலையத்தைத் தாண்டி வலதுபக்கம் திரும்பியதும், சாலை தெரியாமல் போயிற்று.

கண் இருட்டவில்லை, தலை சுற்றவில்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. முன்னால் போன ஸ்கூட்டரின் மட்காட்டில் காய்ந்திருந்த சேறுகூடத் தெரிந்தது. ஆனால் இது எந்தத் தெரு, தான் எதற்கு இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. கடைப் பலகைகளில் எழுத்துகள் வெறும் கோடும் வளைவுமாக நின்றன. எதிரே கறுப்பாக ஒரு வட்டம். அதை இரண்டு கைகள் பிடித்திருந்தன. அவை பாட்டுக்குத் திருப்பின, கால் பாட்டுக்கு மிதித்தது. முதுகுக்குப் பின்னால் யார் யாரோ பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். பயம் பிடித்துக்கொண்டது. கத்தலாமென்றால் வாயில் ஒரு சொல்லும் இல்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். சட்டென்று எல்லாம் திரும்பி வந்தது. மருந்துக்கடை நிறுத்தம். வண்டி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தது.

“என்னண்ணே, இப்படி வேர்த்து ஊத்துது?”

“வெக்கைப்பா” என்றார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூளை கழன்றவன் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் சாகிறவரை ஒட்டிக்கொண்டு வரும் என்கிற பயம். மறுநாளும் வண்டி எடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் “தண்ணித் தொட்டி, பள்ளிக்கூடம், பாலம்” என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். வாய் நின்றால் ஊரே போய்விடும் போலிருந்தது.

ஆறாம் நாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது எதிரே ஓர் ஆள், முகம் முழுக்க சோப்புடன், இவரையே முறைத்துக்கொண்டு நின்றான். வழியை மறிக்கிறோமோ என்று நினைத்து இவர் ஒதுங்கினார். அவனும் ஒதுங்கினான். கண்ணாடி என்று விளங்கியபோது கன்னத்தில் ரத்தம். கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அன்றைக்கும் வண்டி எடுத்தார்.

பத்தாம் நாள் அவருக்கு வார விடுப்பு. சமையலறை மேசையில் மனைவி தேநீரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. சின்னப் பிசகும் கண்ணுக்குத் தப்பாது.

“வச்சிடுங்க” என்றார் இவர்.

“என்ன, புதுசா மரியாதையெல்லாம்?” என்று சிரித்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அவளை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை. இவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, வாசல் எங்கே என்று தேடினார்.

“நீங்க… இந்த வீட்டுக்காரங்களா?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் யாரென்று விளங்க, அவர் கண்ணில் நீர் முட்டியது. ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அதுக்கப்புறமும் வண்டி எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“எத்தனை நாள்?”

“ஏழு நாள். நடுவுல ஒரு நாள் லீவு.”

“இனிமே சாவியத் தொடாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். “அந்த நேரத்துல கண்ணு நல்லாத் தெரியுதா?” என்று கேட்டாள்.

“கண்ணு தெரியுது டாக்டர். ஆனா எதுவுமே தெரியல.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “சரியாத்தான் சொல்றீங்க. கண்ணுல படறது ஒரு வேலை. இது என் வீடு, இது என் பொண்டாட்டின்னு அதோட ஒட்டறது வேற வேலை. மூளைக்குள்ள அந்த ஒட்டற எடத்துல உங்களுக்கு அப்பப்ப மின்சாரம் குழம்புது. வலிப்புல இதுவும் ஒரு வகை.”

“பைத்தியம் இல்லையே?”

“இல்ல. எல்லாருக்கும் மூளை இப்படி ஒட்டித்தான் காட்டுது. உங்களுக்கு அப்பப்ப விட்டுப்போகுது, அவ்வளவுதான்.”

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். அவருக்கோ இருந்த பயம் இன்னும் கூடியது. “எல்லாரும் இப்படியா ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டிருக்கோம்?” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எதிரே வந்த ஓட்டுநர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உரிமத்தை ஒப்படைத்தார். மேலாளர் நேர அலுவலகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்: வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைப் பலகையில் எழுத வேண்டும். கண்டக்டரிடம் மட்டும் தானே போய் நடந்ததைச் சொன்னார். அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

“அந்தச் செவ்வாக்கிழமை என் பொண்ணு வண்டியில இருந்தா. மூணாவது சீட்டு.”

அவ்வளவுதான், போய்விட்டார். பதினாறு நாள் முகம் கொடுக்கவில்லை.

மாத்திரையில் அது குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. ஒருநாள் முற்பகல் பலகையில் எழுதியிருந்த எண்கள் மறுபடி வெறும் கோடுகளாயின. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட வந்த கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்து அருகில் போட்டு, முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டார். அது போகிறவரை அசையவில்லை.

“முப்பத்தஞ்சு செகண்டு” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்து. பிறகு, “நான் யாருன்னு தெரிஞ்சுதாண்ணே?”

“இல்லப்பா. யாரோ பிடிக்க வந்துட்டான்னு நினைச்சேன். உசிரே போயிடுச்சு.”

கண்டக்டர் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“சரி. அடுத்த தடவை தள்ளி உக்காந்துக்கறேன்” என்றார்.