அண்ணன் காரின் சிக்னல் ரிலே

என் வீட்டுக்காரர் பழைய வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். வாயைத் திறந்தால் ஃபியூஸ், பல்பு, எர்த் இவைதான் வரும். மற்ற நேரத்தில் ஊமைக்கோட்டான். அவருடைய அண்ணன் விபத்தில் போன பிறகு அந்தப் பேச்சும் நின்றது. வேலைக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார். அழவில்லை. எனக்கும் மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போலத்தான் இருந்தது.

அண்ணன் காரை வலப்பக்கம் திருப்பும்போது, பின்னால் வந்த லாரி அவர் பக்கத்துக் கதவில் மோதியது. சிக்னலே போடவில்லை என்று லாரிக்காரர் சொன்னார். போட்டார், டிக் டிக் என்று என் காதால் கேட்டேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, சொன்னார். சொந்தபந்தம் லாரிக்காரரை நம்பியது. செத்தவனுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்று பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அக்காவுக்கே சந்தேகம் வந்து, அது வேறு ஏதாவது சத்தமோ என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

நசுங்கிய கார் இவருடைய ஒர்க்‌ஷாப்புக்கே வந்தது. நான் சாப்பாடு கொண்டுபோனபோது டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தார். சிக்னல் சுவிட்சைத் தட்டினார். டிக் டிக் சத்தம் சீராக வந்தது, உள்ளே அம்புக்குறியும் மின்னியது. பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். மோதலில் உடையாமல் இருந்த பின் சிக்னல் விளக்கு எரியவில்லை.

ஒரு சின்னத் தகர டப்பியைப் பிடுங்கிக் காட்டினார். அதுதான் ரிலே, சிக்னலைத் துடிக்க வைப்பது. அண்ணன் காரில் முன்பு இருந்த ரிலே, ஒரு பல்பு எரியாமல் போனாலே துடிக்காமல் நின்றுவிடும். சத்தம் நின்றதும் ஓட்டுபவருக்கு விஷயம் தெரிந்துவிடும். பின் விளக்கின் பல்பு ஹோல்டர் துருப்பிடித்திருந்ததால் அந்த ரிலே அடிக்கடி நின்றுபோனது. அண்ணன் நச்சரித்தார். ஹோல்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய இவருக்குச் சோம்பல். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குப் போடுகிற ரிலேயை மாட்டிவிட்டார். அது பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒரே சீராக அடிக்கும். தொல்லை விட்டது என்று அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் போய்விடும் என்று பயம். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் போனோம். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் உட்காரக்கூட இல்லை.

"சத்தம் கேட்டது உண்மைதான் அண்ணி. பின்னாடி விளக்குதான் எரியல. நான் மாத்திவிட்ட ரிலேயால அண்ணனுக்கு அது தெரியாமப் போச்சு."

திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"அப்ப அவரு சிக்னல் போட்டாரு."

"போட்டாரு அண்ணி."

சாவன்றுகூட அழாத அக்கா ஓவென்று அழுதார். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவரும் அழுதிருப்பார்.