நாற்பத்தொன்றாம் காட்சி

2024 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை 10.20க்கு ரோசாலியின் தொலைபேசி அடித்தது. பாரிசின் லா ஷப்பலில், பெர்தொனே தெருவிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் அவள் நின்றிருந்தாள். திங்கள் அந்தக் கடைக்கு விடுமுறை. பதினாறு திங்கட்கிழமைகளாக அவளுடைய படம் அங்கேதான் வளர்ந்தது. இது பதினேழாவது, கடைசியும் இதுதான். குசினியைப் பெரிதாக்க, பகல் ஒரு மணிக்குச் சுவர் இடிக்கிற ஆட்கள் வருகிறார்கள். ஒரு மணிக்குப் பிறகு இந்தக் குசினி இருக்காது. எடுக்க மிச்சமிருந்தது ஒரே காட்சி, நாற்பத்தொன்று.

அழைத்தவள் துஷாந்தி. படத்தில் கதாநாயகனாக நடிக்கும் வாமதேவனின் மனைவி. ருவாஸி விமான நிலையத்தில் துப்புரவு வேலை.

"அக்கா, அவர் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லம்மா, உடுப்பு மாத்துறாரு. ஏன்?"

"மாமா செத்துப்போட்டார் அக்கா, இவரின்ரை அப்பா. ஊரிலை பன்னிரண்டு நாற்பதுக்கு." மூச்சு வாங்கினாள். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. காலமை தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்தவர். பதினொன்றரைக்கு வேலை முடியுது, ஓடி வாறன். நான் வந்து சொல்லுறன்."

"அவரு போன்ல பாத்துட மாட்டாரா?"

"அதுதான் உங்களிட்டை எல்லே இருக்கு."

உண்மைதான். படப்பிடிப்பு நாட்களில் எல்லோருடைய தொலைபேசிகளையும் வாங்கி ஒரு பிஸ்கற் டின்னுக்குள் போடுவது ரோசாலியின் வழக்கம். ஊரில் சாவு நடந்தால், பாரிசில் இருக்கும் பிள்ளைக்கு அதைத் தனியே இருக்கும்போது சொல்லாமல், பக்கத்தில் உறவு ஒன்று வந்து, வயிற்றுக்கு ஏதாவது போன பிறகு சொல்வது இங்குள்ளவர்களின் வழக்கம். இரண்டு வழக்கங்களும் அன்று ஒரே டின்னுக்குள் கிடந்தன.

ஆனால் ரோசாலிக்கு முதலில் நினைவு வந்தது வேறொன்று. நாற்பத்தொன்றாம் காட்சி இதுதான்: சமையல்காரன் கொத்துரொட்டி கொத்திக்கொண்டு நிற்கிறான். தொலைபேசி அடிக்கிறது. ஊரில் தகப்பன் இறந்துவிட்டார். வெளியே சாப்பாட்டுக்கு ஆள் காத்திருக்கிறது. அவன் என்ன செய்கிறான்? காட்சியை அவள் எழுதி இரண்டு வருடமாகிறது; இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுத வரவில்லை.

ரோசாலி பிறந்தது 1972 ஆகஸ்ட் 14, இந்தோனேசியாவில் மேடான் நகரத்தில். பாட்டன்மாரின் காலத்தில் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர் வழி. வீட்டில் தமிழும் மாதா படமும், பள்ளிக்கூடத்தில் இந்தோனேசிய மொழி. 1994இல் ஜகார்த்தாவுக்குப் போய்த் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதினாள். காலையில் எழுதுவது மத்தியானம் படமாகி, மாலையில் வீட்டுக்கு வீடு ஓடும். ஐந்து வருடத்தில் 312 பாகங்கள். பிறகு நிறுத்தினாள். 2001இல் புதுச்சேரிக்காரரான எமிலைக் கலியாணம் செய்து பாரிசுக்கு வந்தாள். பொண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. விடுமுறை நாட்களில் நான்கு குறும்படங்கள் எழுதி இயக்கினாள். முதலாவதை 43 பேர் பார்த்தார்கள், நான்காவதை 210 பேர். இது அவளுடைய முதல் முழுநீளப் படம்.

ஜகார்த்தாவில் ஏன் நிறுத்தினாள் என்பதை எமிலுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். 1999இல் ஒரு தொடரில் ஏழு வயதுச் சிறுமி அழவேண்டிய காட்சி. பிள்ளைக்கு அழுகை வரவில்லை. மாலை ஒளிபரப்பு நெருங்கியது. இயக்குநர் ரோசாலியைக் கூப்பிட்டு, "இவளுக்குச் சொல்ல ஒரு பொய் எழுது" என்றார். உன் அம்மாவை பஸ் அடித்துவிட்டது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். நாற்பது நொடியில் காட்சி கிடைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பிறகு அந்தச் சிறுமி யார் எதைக் கொடுத்தாலும், தண்ணீர் கொடுத்தாலும், "உண்மையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள்.

"அக்கா, லைட் சரி." கமராக்காரர் மடுத்தீன் கூப்பிட்டார். கலியாணம், பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடு என்று முப்பது வருடமாக வீடியோ எடுக்கிறவர். "என்ன, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. எடுப்போம்."

எடுப்போம் என்ற அந்த ஒரு சொல்லைப் பின்னால் அவள் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். துஷாந்தி வரும்வரை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது, அதற்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

படத்தில் வரும் தொலைபேசி வாமதேவனுடையதுதான். முகப்புக் கண்ணாடி மூலையில் வெடித்துப்போயிருந்தது. முந்தைய பதினொரு காட்சிகளில் அந்த வெடிப்புத் தெரிகிறது என்பதால் வேறொன்றை வைக்க முடியாது. டின்னைத் திறந்து அதை எடுத்தாள். பதினான்கு தவறிய அழைப்புகள். யாருக்கும் காட்டாமல் அவற்றை முகப்பிலிருந்து நீக்கி, அழைப்பு எதுவும் வராதபடி விமான முறைக்கு மாற்றி அவனிடம் கொடுத்தாள். மணி ஓசையை மடுத்தீன் வேறொன்றிலிருந்து எழுப்புவார்.

10.55க்கு முதல் தடவை. வாமதேவன் தொலைபேசியைக் காதில் வைத்து, கண்ணை உருட்டி, நெஞ்சில் கை வைத்தான்.

"கட்."

"என்னடாப்பா, கோயில் திருவிழா நாடகமோ?" என்றார் மடுத்தீன். "அரிச்சந்திரன் தோத்தான்!"

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை." வாமதேவன் சிரித்தான்.

11.20க்கு இரண்டாம் தடவை. இம்முறை முகத்தில் ஒன்றுமே இல்லை. மின்சார பில் வந்தவன் மாதிரி நின்றான்.

"அக்கா, உண்மையைச் சொல்லட்டோ?" கொத்துத் தகடுகளைக் கீழே வைத்தான். "அப்பாவை நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை. நேற்றும் கதைச்சவர். இருமி இருமி, நான் மெலிஞ்சிட்டன் எண்டு பேசினவர். அந்த மனுசன் செத்துப்போவார் எண்டு நினைக்கேலாமல் கிடக்கு. அப்பா செத்தா ஒருத்தன் எப்பிடி நிப்பான், சொல்லுங்கோ?"

ரோசாலி அவனிடமிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

மடுத்தீன் அவள் காதருகே குனிந்தார். "ஆளுக்கு நெஞ்சிலை ஏதும் அடிக்கவேணும் அக்கா. அப்பத்தான் வரும். நேரம் பதினொன்றரை."

தொலைபேசி அவள் கையில் இருந்தது. விமான முறையை எடுக்க ஒரு விரல் போதும். செய்திகள் மளமளவென்று விழும். இரும்புத் தட்டு சூடாக இருக்கிறது, கமரா தயார். அவள் பொய்கூட எழுத வேண்டியதில்லை. இந்த முறை அது உண்மை. முதல் முழுநீளப் படம், பதினேழு திங்கட்கிழமைகள், இன்னும் ஒன்றரை மணித்தியாலம். கட்டைவிரல் கண்ணாடியின் வெடிப்பில் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, மடுத்தீன் கமராவை ஓடவிட்டுவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்க. பற்றரிய கழட்டுங்க. பைக்குள்ள வைங்க." அவளே கமராவின் முன்னால் வந்து நின்றாள். "ரெண்டாவது எடுத்தது போதும். நல்லா வந்திருக்கு."

"நல்லா வந்ததோ?" மடுத்தீன் வாய் பிளந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் பற்றரியைக் கழற்றினார்.

"உண்மையாவோ அக்கா?" என்றான் வாமதேவன்.

அவளால் ஆமா என்று சொல்ல முடியவில்லை. "தம்பி, சாப்பிடுங்க. அந்த ரொட்டிய வீணாக்காதீங்க."

அவன் கொத்திய ரொட்டியை அவனே தட்டில் போட்டு, நின்றபடி சாப்பிட்டான். "அக்காவின்ரை தமிழ் கப்பலிலை வந்த தமிழ், ஆனால் அதட்டிறது மட்டும் யாழ்ப்பாணம்" என்று பகிடி விட்டான். ரோசாலி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 11.52. 12.05. அவன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

12.22க்குக் கதவு திறந்தது. துஷாந்தி வேலைச் சீருடையோடு நின்றாள். கழுத்தில் அட்டை தொங்கியது. வாமதேவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான், சீருடையைப் பார்த்தான். திங்கட்கிழமை நேரே வீட்டுக்குப் போகிறவள் அவள்.

"அப்பாவோ?"

அவள் தலையாட்டினாள்.

அவன் அழவில்லை. திரும்பி, காஸை அணைத்தான். இரும்புத் தட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வழித்து, எண்ணெய்த் துணியால் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை துடைத்தான். கொத்துத் தகடுகள் இரண்டையும் கழுவி, கைபிடி வெளியே தெரிய ஆணியில் மாட்டினான். பிறகுதான் தரையில் குந்தினான். துஷாந்தி பக்கத்தில் குந்தி அவன் தலையைப் பிடித்தாள். இரண்டு வருடமாக ரோசாலிக்கு எழுத வராதது அதுதான். கமரா பைக்குள் இருந்தது.

சற்று நேரம் கழித்து வாமதேவன் நிமிர்ந்தான்.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அவ மேலை பிழையில்லை, நான்தான்..." துஷாந்தி தொடங்கினாள்.

"நான் அக்காவைக் கேட்டனான்."

"பத்து இருபதுக்கு" என்றாள் ரோசாலி.

அவன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். "அப்ப, ரெண்டு தரமும் தெரிஞ்சுகொண்டுதான் எடுத்தனீங்கள்."

"ஆமா தம்பி. மூணாவதுக்கு உங்க போனைத் திறந்து குடுக்கவும் நினைச்சேன். கொஞ்ச நேரம் நினைச்சேன்."

மடுத்தீன் கையிலிருந்த வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அழியுங்கோ" என்றான் வாமதேவன். "எனக்கு முன்னாலை."

பற்றரியை மறுபடி மாட்டினார்கள். ரோசாலி முதலாவதை அழித்தாள், பிறகு இரண்டாவதை. சின்னத் திரையில் காட்சி 41 என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டான். தன் தொலைபேசியை அவள் கையிலிருந்து வாங்கினான்.

12.50க்கு, சுவர் இடிக்கிறவர்கள் இருவர் சுத்தியல்களோடு உள்ளே வந்தார்கள். துஷாந்தி அவனுடைய குளிரங்கியைப் பிடிக்க, அவன் கை நுழைத்தான். வாசலில் நின்று திரும்பினான்.

"அக்கா, தட்டு இன்னும் கொதிக்குது. அவையளுக்குச் சொல்லுங்கோ."

ரோசாலி சொன்னாள், பிரெஞ்சில், இரண்டு முறை. பிறகு படப்பிடிப்புக் கொப்பியை எடுத்து, அன்றைய பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: காட்சி 41. எடுக்கப்படவில்லை.

அந்தப் படம் அப்படியேதான் முடிந்தது, 62 நிமிடம். நாற்பதாம் காட்சிக்கு அடுத்து நாற்பத்திரண்டு வருகிறது.