தூங்குகிற டிஸ்க்கை எழுப்பக் கூடாது

வீட்டில் அவளுக்குக் காவல்காரி என்று பெயர். அண்ணன் கேலியாக வைத்தது, கடைசியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவன். படத்தைக் கொடுத்துக் கூலியை வாங்கினானோ இல்லையோ, மணமக்களின் முகத்தைக்கூட மறந்துவிடுகிற ரகம். அவன் எடுத்துக் குவித்ததையெல்லாம் பிரித்து அடுக்கி, நான்கு ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துவது தங்கையின் பாடு. இன்னொரு பிரதி எடுத்து வெளியே வைக்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அப்புறம் பாக்கலாம்" என்பான். அந்த அப்புறம் வரவே இல்லை.

பெட்டி கூடத்துச் சுவரலமாரியில் இருந்தது. அவள் வெளியூர் வேலை என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணன் அந்த அலமாரியைத்தான் காட்டுவான். "நீ போயிட்டா இதை யாரு பாக்கறது? நம்ம பொழைப்பே அதுக்குள்ளதான் இருக்கு." முதல் தடவை ஒரு வங்கி வேலை அப்படிப் போயிற்று. இரண்டாம் தடவை கூடப் படித்தவளே கூப்பிட்டுக் கொடுத்த வேலை. இரண்டு தடவையும் அவள் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொறுப்பானவள் என்று ஊரே புகழ்ந்தது. புகழ்கிறவர்களுக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவு. வருகிறாளா இல்லையா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

"யாரும் பாக்க வேணாம்ணா. அதுவே பாத்துக்கும். தினமும் காலையில போனுக்கு மெசேஜ் வருதுல்ல? பழுது எதுவும் இல்லைன்னு. இரு, காட்டறேன்" என்று கணினியில் அந்தச் சோதனைப் பக்கத்தைத் திறந்தாள்.

அங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பக்கத்தில், கடைசியாகச் சோதித்த தேதி இருந்தது. நான்குக்கும் ஒரே தேதி. மூன்று வருடத்துக்கு முந்தையது.

அண்ணன் மகள் தொட்டிலில் கிடந்த காலம் அது. தொட்டில் கூடத்தில் தொங்கியது. டிஸ்க்குகள் 'உய்ங்' என்று சுழல ஆரம்பித்தால் குழந்தை வீறிட்டு அழும். "அந்தச் சனியனைக் கொஞ்சம் தூங்க வையேன்" என்று அண்ணி கெஞ்சினாள். வேலை இல்லாத நேரத்தில் டிஸ்க்குகள் ஓய்வுக்குப் போகும்படி அவளும் அமைத்தாள். ஆனால் விடியற்காலையில் டிஸ்க்குகளின் உடல்நலம் பார்க்க ஓடும் சோதனை நிரல் நான்கையும் தட்டி எழுப்பிவிட்டது. அதனால் நிரலில் ஒரு வரி சேர்த்தாள். தூங்குகிற டிஸ்க்கைத் தொடாதே. குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. அண்ணி அவளைப் பாராட்டியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

விடியற்காலையில் எந்த டிஸ்க் விழித்திருக்கும்? நிரல் தினமும் வந்து, நான்கும் தூங்குவதைப் பார்த்து, வாசலோடு திரும்பிப் போயிருக்கிறது. பழுதைக் காணவில்லை என்று செய்தியும் அனுப்பியிருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. பார்த்தால்தானே காண! இன்று அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அந்த வரியை எடுக்க வேண்டும் என்று காவல்காரிக்குத் தோன்றவே இல்லை.

"என்ன, எல்லாம் சரியா இருக்கா?" என்றான் அண்ணன். திரையில் இருந்தது அவனுக்குப் புரியவில்லை.

"இரு, பாத்துச் சொல்றேன்."

அவன் கேமராவைத் துடைக்கப் போய்விட்டான். அவள் அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். சொல்லாமல் கிளம்பிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் போகிற இடத்தில் சோறு இறங்காது. எழுப்பிப் பார்க்கலாம். ஆனால் வருடக்கணக்காக யாரும் தொடாத பழைய டிஸ்க் எழுந்திருக்காமலே போகலாம். எழுந்து பழுதைக் காட்டினால் அதைக் காரணம் சொல்லியே அண்ணன் மறுபடி கட்டிப்போடுவான். பார்த்தாலும் மாட்டிக்கொள்வாள், பார்க்காவிட்டாலும் மாட்டிக்கொள்வாள். அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

எழுப்பினாள். மூன்று டிஸ்க்குகள் சமர்த்தாகச் சுழன்றன. மூன்றாம் எண் டிஸ்க் மட்டும் 'டக், டக்' என்று முனகி, நின்று, மறுபடி முனகி ஒருவழியாக எழுந்தது. அதில் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை அவள் கண் முன்னாலேயே ஏறியது. கிடைத்த வரை மிஞ்சட்டும் என்று முதல் டிஸ்க்குக்கு நகல் போட்டுவிட்டு, "அண்ணா!" என்று அலறினாள்.

அவன் துடைக்கிற துணியோடு ஓடி வந்தான். அவள் படபடவென்று சொன்னாள்.

"மூணாவதுல என்ன இருக்கு?"

"பழைய வருஷத்துக் கல்யாணமெல்லாம்."

"அட, இதுக்கா இப்படிக் கத்தின? போனா போகுது விடு. இனிமே யாரு வந்து கேக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு அவன் லென்ஸை ஊதினான். அவள் அவனையே பார்த்தாள். வங்கி வேலையை விட்டது இதற்காக. கூடப் படித்தவளிடம் வர முடியாது என்று சொல்லி அழுதது இதற்காக. அதை ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணுதானே போச்சு?" என்றான் அவன், சமாதானமாக. "மிச்சத்தையாவது ஒழுங்காப் பாக்கணும். இப்பப் போய் வேலை கீலைன்னு கிளம்பாத, என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது.

"மூணு வருஷமா நான் பாக்கவே இல்லண்ணா. மெசேஜ் வந்துது, சரின்னு இருந்துட்டேன். நானும் பாக்கல, அந்த புரோகிராமும் பாக்கல. உன் பொழைப்பு ஓடிச்சா இல்லையா?"

அண்ணன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்போ இத்தனை நாளா நீ இங்க என்னதான் பண்ணிட்டிருந்த?" என்றான்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றபடி மருத்துவமனைக்காரர்களின் எண்ணை அழுத்தினாள்.